இடம் மாறிக் கிடந்த செருப்பு

பலகையில் ஒரு ஜோடி செருப்பு மிச்சமிருந்தது. சின்னச் செருப்பு, நீல நிறம். வலதும் இடதும் மாறிக் கிடந்தன.

விசில்காரர் அதைப் பார்க்காதவர் போலக் கடலைப் பார்த்தார். விடிந்தும் விடியாத வெளிச்சம், பாசி வாடை, ஈர மணலில் நண்டுகள் ஓடி நின்று ஓடும் சரசரப்பு, அலை பின்வாங்கும்போது கிளிஞ்சல்கள் உரசும் சத்தம், எல்லாம் பதினெட்டு வருடமாய்ப் பழகியவை. விடியற்காலையில் கடலில் நீந்துகிறவர்களுக்குக் காவல் இருப்பது அவர் வேலை. செருப்பைப் பலகையில் விட்டுவிட்டு இறங்குவார்கள், ஏறியதும் மாட்டிக்கொண்டு போவார்கள். தலையை அலை மறைத்துவிடும், செருப்பு ஏமாற்றாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பலகை காலியானால் எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்று காவல் கொடியை இறக்கலாம்.

போன வருடம் அப்படித்தான் இறக்கினார். தூக்கக் கலக்கத்தில் இருந்த மகளை அன்று தோளில் சுமந்து வந்து காவல் கூண்டில் படுக்க வைத்திருந்தார். அவள் செருப்பு வீட்டிலேயே கிடந்தது. பலகை காலியானதும் நிம்மதியாகக் கொடியை இறக்கி, மடித்து, அதன் பிறகே கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். மகள் இல்லை, எழுந்து கடலில் இறங்கியிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

மனைவி அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. மகளின் செருப்பை எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அந்தச் செருப்புதான் இது. மாற்றி மாற்றிப் போடாதே என்று எத்தனை முறை சொல்லியும் கேட்காதவள் அவள்.

"அண்ணே, கொடிய இறக்கலையா?" இந்த வாரம்தான் நீந்த வர ஆரம்பித்த டீச்சர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"இத யாரும்மா இங்க வெச்சது?"

"உங்க பாப்பாதான். விசில்காரர்தான் எங்கப்பான்னு சொல்லுச்சு. நீங்க கொடி ஏத்தப் போனப்ப உங்க வீட்டம்மா கூட்டிட்டு வந்தாங்களே. அவங்க வெறுங்கால்ல வந்திருந்தாங்க. ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே இறங்கினாங்க."

விசில்காரர் தண்ணீரை நோக்கித் திரும்பினார்.

"எந்தப் பக்கம்?"

அவள் கை காட்டி முடிப்பதற்குள் அவர் தண்ணீரில் இருந்தார். நீந்தினார். மூழ்கினார். மனைவியின் பெயரைக் கத்தினார். உப்புத் தண்ணீர் தொண்டையை அடைத்தது. மறுபடி மூழ்கினார். இருட்டு. விரல்களில் கூந்தல் சிக்கியது. வளையல் தட்டுப்பட்டது. பிடித்தார். கீழே இருந்து எதுவோ அவளை இழுத்தது. நழுவிப் போனாள்.

மூச்சு வாங்க மேலே வந்தபோது கரையிலிருந்து டீச்சர் கத்தினாள்.

"அண்ணே, வந்திருங்க! பாப்பா ஏறிட்டா!"

திரும்பினார்.

பலகையருகே ஒரு சின்ன உருவம், அவருக்கு முதுகைக் காட்டியபடி. தலையிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. குனிந்து செருப்பை மாட்டியது. வலதை இடதில். இடதை வலதில்.

பலகை காலி.

"அம்மா இன்னும் உள்ள இருக்காடி!" என்று கதறினார். "அப்பாவும் இருக்கேன்டி!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொடிக்கம்பத்தடிக்கு நடந்து போய், அவர் தினமும் செய்வதைப் போலவே, முடிச்சை நிதானமாக அவிழ்த்துக் கொடியை இறக்க ஆரம்பித்தாள்.