யாருடைய ஈறு?

செய்தி வாசிப்பவர் வாயைத் திறக்காமலே பேசினார். நாடே கேட்கும் அந்தக் குரல் இப்போது ஒரு கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து வந்தது.

“நான் சிகரெட் பிடிக்கறேன்னு வீட்ல முடிவே பண்ணிட்டாங்க சார். என் வீட்டுக்காரர் ஒரே வீட்டுக்குள்ள தனிக்குடித்தனம் நடத்தறார். ஞாயித்துக்கிழமை என்னை அப்பா வீட்ல கொண்டுபோய் விடறதா பேச்சு.”

துப்பறிவாளர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளருக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். அதற்குள் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிவிட்டிருந்தார். வழக்கு என்ன என்பது மட்டும் அதில் இல்லை.

“பிடிக்கறீங்களா?” என்றார் துப்பறிவாளர்.

“கையால தொட்டதுகூட இல்ல.”

“அப்புறம் யார் கிளப்பிவிட்டது?”

“பல் டாக்டர்.”

கைக்குட்டை இறங்கியது. அவசரத்தின் பேனா கீழே விழுந்தது. நீண்டு ஒடுங்கிய, அழகான பற்கள். வெளிறிய ரோஜா நிறத்தில் ஈறு. ஆனால் முன்பல் ஒன்றுக்கு மேலே மட்டும், மை ஊறியதுபோல் ஒரு கருநிழல்.

அந்தப் பல், தாடையில் உலோகத் திருகு பதித்துப் புதிதாகக் கட்டியது. நிழல் தெரிந்ததும் பல் கட்டிய அதே டாக்டரிடம் ஓடியிருக்கிறார். டாக்டரோ, கணவரையும் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ‘புகைப் பழக்கம்’ என்று தீர்ப்பு வழங்கிவிட்டார்.

“என் மாமியார் நல்லவங்கதான் சார். ஆனா கொஞ்ச நாளா பாத்ரூம்ல சிகரெட் வாடை வருதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. டாக்டர் சொன்னதும் ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க.”

மறுநாள் கணவர், மாமியார் உட்பட எல்லோரும் பல் மருத்துவமனையில் கூடினார்கள். டாக்டரின் அறைச் சுவர் முழுவதையும் அவருடைய சிரித்த முகமே அடைத்திருந்தது. கட்டையான சதுரப் பற்கள். இடது முன்பல்லின் ஓரத்தில் சின்ன உடைசல். பற்களுக்கு மேலே மெத்தை போட்டதுபோல் தடித்த ஈறு. கீழே ‘புன்னகைப் பேரரசர்’ என்ற பட்டம். பட்டம் வழங்கிய சங்கத்துக்குத் தலைவரும் அவரே.

“ஈறோட தடிமனைப் பார்க்காம நான் திருகைக் கையால தொடறதே இல்ல,” என்றார் பேரரசர். “இங்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் சோதனை உண்டு. படமும் கையில குடுத்துடுவோம். இதோ, இவங்க படம்.”

படத்தில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி செருகப்பட்டிருந்தது. உதடு விலக்கி, கிட்டத்தில் எடுத்த படம்.

“ஈறு மெல்லிசா இருந்தா உள்ள போன கம்பி வெளியில நிழலாடும். இதுல தெரியுதா? தெரியல. ஆக, தடிச்ச ஈறு. உள்ள இருக்கற உலோகம் வெளியில தெரியாது. அப்ப அந்தக் கறுப்பு? புகைதான்.”

“டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் கணவர், புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றியபடி.

துப்பறிவாளர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “புகை வாய் முழுக்கத்தானே போகும்? அது எப்படி டாக்டர், நீங்க கட்டின பல்லா பார்த்துத் தேடிப்பிடிச்சுக் கறுப்பாக்குச்சு?”

“சில புகை அப்படி,” என்றார் டாக்டர்.

“சரி. அந்தச் சோதனையை எங்களுக்கும் ஒருதடவை காட்டுங்களேன். பக்கத்துப் பல்லுலயே பண்ணுங்க.”

பார்வையாளர்கள் என்றால் பேரரசரால் மறுக்க முடியாது. கம்பியை எடுத்து, செய்தி வாசிப்பவரின் ஈறு ஓரத்தில் மெதுவாக நுழைத்தார்.

மெல்லிய திரைக்குப் பின்னால் விரல் அசைவதுபோல் கம்பி அப்படியே தெரிந்தது.

மாமியார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புகை பிடிச்சுப் பிடிச்சு ஈறு இளைச்சுப்போச்சு,” என்றார் டாக்டர். குரலும் கொஞ்சம் இளைத்திருந்தது.

“அவசரம், வெளியில காத்திருக்கறவங்க கையில இந்தச் சோதனைப் படம் இருக்கும். கேட்டு வாங்கிட்டு வாங்க.”

அவசரம் கைநிறையப் படங்களோடு திரும்பினார். படங்களை மேசையில் பரப்பினார். எல்லாம் ஒரே பல். ஒரே ஈறு. ஒரே கம்பி. அவர் பின்னாலேயே ஒரு பெரியவர், பறிபோன தன் படத்தைத் தேடி வந்திருந்தார்.

“ஐயா, இது உங்க பல்லா?” என்றார் துப்பறிவாளர்.

பெரியவர் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பல்கூட இல்லை. “எனக்கு இவ்வளவு நல்ல பல்லு இருந்தா இந்த ஆளுகிட்ட நான் ஏன் வரேன்?”

“அப்ப இது யார் வாய் சார்?” அவசரம் படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“ஒரு பிடி மட்டும் இருக்கு. இந்தப் பல்லோட ஓரத்துல சின்ன உடைசல் பாருங்க. இதே சதுரப் பல்லு, இதே தடிச்ச ஈறு இந்த ரூம்லயே இன்னொரு இடத்துல இருக்கு. கொஞ்சம் பெருசா.”

எல்லோருடைய தலையும் சுவர்ப்பக்கம் திரும்பியது.

“கேமரா வாங்கின அன்னிக்குத் தன் ஈறையே படம் எடுத்திருக்கார். உலகத்துக்கே அதுதான் அளவுன்னு நினைச்சுட்டார் போல. அதுக்கப்புறம் யாருக்கும் சோதனையே இல்ல. இவங்க ஈறு மெல்லிசு. முன்னாடியே பார்த்திருந்தா மேலண்ணத்துலேருந்து கொஞ்சம் சதை எடுத்து ஈறைத் தடிமனாக்கியிருக்கலாம். பார்க்கல. உலோகம் நிழல் காட்டுச்சு. தன் தப்பை மூட அந்தம்மா வாயில இல்லாத சிகரெட்டை வச்சுட்டார்.”

புன்னகைப் பேரரசர் உதடுகளை இறுக மூடிக்கொண்டார். சுவரில் இருந்தவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“வேற டாக்டர்கிட்ட போங்கம்மா,” என்றார் துப்பறிவாளர். “இப்பவும் ஈறைத் தடிமனாக்கி அந்த நிழலை மறைக்கலாம்.”

செய்தி வாசிப்பவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். கணவர் அவசரமாக எழுந்தார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. வா, வீட்டுக்குப் போலாம்.”

“இரு,” என்றார் மாமியார். “இவ பிடிக்கலைன்னா, பாத்ரூம்ல வந்த வாடை?”

துப்பறிவாளர் கிளம்பிக்கொண்டே கேட்டார்: “வீட்ல எப்பவும் புதினா மிட்டாயும் கையுமா இருக்கறது யாரும்மா?”

அறையில் ஒரு மிட்டாய் ‘கடக்’கென்று உடைபட்டது. மாமியார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, நோயாளிகளுக்கான அந்த நீண்ட நாற்காலியைக் காட்டினார்.

“டேய், அதுல உக்காரு. வாயைத் திற.”