கடைசி வண்டியின் குச்சி

செமிலிங் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டு இரண்டு வருடமாகிறது. நான் திட்டாத திட்டில்லை. வாரத்தில் மூன்று நாள் என் கணவர் புவனேசனை இந்த வழியாகத்தான் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். மூன்று மணிக்கு மெஷின். தாமதமானால் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்புறம் ராத்திரியெல்லாம் மனுஷனுக்கு மூச்சு இழுக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன்.

போன வியாழக்கிழமை இரண்டேகால் மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. தோட்டத்து ஓரமாக வண்டிகள் அசையாமல் நின்றன.

"இன்னிக்கும் ஜாம் லாஹ்! இவனுங்க ரோடு போடுறானுங்களா, குழி பறிச்சு வெளையாடுறானுங்களா?" என்று ஸ்டியரிங்கைத் தட்டினேன். புவனேசன் காலைத் தடவிக்கொண்டிருந்தார். கால் வீங்கியிருந்தது.

வரிசை நகர்ந்து என் முறை வந்தபோது, மழைக்கோட்டு போட்ட ஆள் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினேன். தாரின் சூடான வாடை உள்ளே வந்தது. சிவப்புத் துணி கட்டிய குச்சியை நீட்டினார்.

"கடைசி வண்டி நீங்கதான், தங்கச்சி."

என் கை தானாக வாங்கிக்கொண்டது. அப்புறம்தான் உறைத்தது.

குச்சிப் பழக்கத்தை ஆறு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

முன்பு அப்படித்தான். பாதிச் சாலைதான் திறந்திருக்கும். இந்த முனையில் கடைசியாக விடும் வண்டியிடம் குச்சியைக் கொடுப்பார்கள். அந்த முனையில் நிற்கும் அய்யாவு அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, பாதை காலி என்று எதிர் வண்டிகளை விடுவார். வாங்கும்போது ஒவ்வொரு தடவையும், "கடைசி வண்டி நீங்கதானே, தங்கச்சி?" என்று கேட்பார்.

ஒருநாள் குச்சி என்னிடம் வந்தது. மணி மூன்றாகப் போகிறது. முன்னால் நாலு வண்டிகள் ஊர்ந்தன. எரிச்சலில் வண்டியைச் சேற்றில் இறக்கி நாலையும் முந்திப் போய் அண்ணனிடம் குச்சியை நீட்டினேன். கேட்டார். "ஆமாண்ணே" என்றேன்.

அவர் மண் லோரியை விட்டார். அந்த நாலு வண்டிகளும் எதிரே வருவதைப் பார்த்ததும் லோரியை நிறுத்த ஓடினார். லோரி அவர் மேலேயே ஏறிவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது; அதோடு குச்சிப் பழக்கத்தையும் நிறுத்தினார்கள்.

போலீஸ் என்னைக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இப்போது மழைக்கோட்டுத் தொப்பிக்குள் பார்த்தேன்.

அய்யாவு அண்ணன்.

"இந்தத் தடவ முந்தாதீங்க."

வண்டியை எடுத்தேன். பின்னால் நின்ற ஃபேக்டரி பஸ்ஸைக் கண்ணாடியில் தேடினேன். பஸ் இல்லை. வெறும் மழை.

முன்னால் ஒரு பழைய வேன் ஆமை வேகத்தில் போனது. புவனேசனுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

"திலகா... முந்து."

"முடியாதுங்க."

"நெஞ்சு அடைக்குது. முந்து புள்ள!"

உதட்டைக் கடித்துக்கொண்டு வேனின் பின்னாலேயே போனேன். அழுகை அழுகையாக வந்தது. அரைக் கிலோமீட்டருக்கு அரை மணி நேரம்.

அந்த முனையில் ரவிச்சந்திரன் நின்றான். அய்யாவு அண்ணனுக்குப் பதிலாக வந்தவன். கையில் வாக்கிடாக்கி.

"தம்பி, இந்தா குச்சி. வாங்கிக்க."

அவன் என் கையைப் பார்த்தான்.

"என்ன குச்சிக்கா? கையில ஒண்ணும் இல்லியே?"

குனிந்து பார்த்தேன். உள்ளங்கையில் ஈரம் மட்டும்தான் இருந்தது.

"தம்பி, அன்னிக்கு முந்தினது நான்தான்பா" என்றேன்.

அவன் முகம் மாறியது. போகச் சொல்லிப் பலகையைத் திருப்பினான்.

டயாலிசிஸ் சென்டருக்குப் போய்ச் சேரும்போது மூன்றரை. ஒரு மணி நேரத்தைக் குறைத்தார்கள். போகட்டும், ஆள் உயிரோடு இருக்கிறாரே என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்குள் நர்ஸ் ஷீலா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க. ஊசி குத்தணும், அங்கிள் கைய விரிக்க மாட்டேங்கிறாரு. அந்தக் குச்சிய நீங்களே வாங்கிக்குங்க."

போனேன். புவனேசன் கண்ணை மூடிக் கிடந்தார். இறுக்கிய விரல்களுக்கு நடுவே சிவப்புத் துணி. அதிலிருந்து தண்ணீர் படுக்கையில் சொட்டியது.

"என்னங்க, கைய விடுங்க" என்றேன்.

பதினெட்டு வருடமாக என்னைப் 'புள்ள' என்று கூப்பிடுகிற மனுஷன், கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"கடைசி வண்டி நீங்கதானே, தங்கச்சி?"