பெனினாவின் காற்று

மின்விசிறி மறுபடியும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

லெமெகி கையில் பழைய பல் பிரஷுடன் அதையே பார்த்தபடி நின்றான். தலையாட்டாமல் ஒரே பக்கம் வீசுவதற்கான குமிழை அவன்தான் இழுத்துவிட்டிருந்தான். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, திறந்த வயிற்றுக்கு நேராக விசிறியை வைத்துவிட்டுச் சமையல் கொட்டகைக்குப் போனான்; ஒரு குவளை கோகோ குடித்துவிட்டு வருவதற்குள் விசிறி கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னறையின் மூடிய கதவைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து இதே கதைதான்.

"செரா! பிள்ளைங்க யாராவது விசிறியத் தொட்டாங்களா?"

"அதுங்க கடல்ல கிடக்குதுங்க," என்று வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அந்த டப்பாவுக்கு நீ பண்ற சேவையப் பாத்து விசிறிக்கே வெறுத்துப்போச்சு. அதுல பாதி எனக்குப் பண்ணியிருந்தா நான் இந்நேரம் குமரியாயிருப்பேன்."

"வேலை கிடைச்சதும் பண்றேன்டி."

"கிடைக்கட்டும், கிடைக்கட்டும். அதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துடும்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் ஆக்லாந்துக்காரர்கள் திரையில் வருவார்கள். இரண்டாவது நேர்காணல், கடைசிச் சுற்று. நடுவில் தொடர்பு அறுந்தால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். வேலை கிடைத்தால் வீட்டில் உட்கார்ந்தே சம்பளம். கிடைக்காவிட்டால் ஆயுசு முழுக்கச் சேற்றில் நின்று கிழங்கு தோண்ட வேண்டியதுதான். கம்ப்யூட்டரோ கால் மணி நேரம் ஓடினாலே கொதித்து, 'டக்' என்று அணைந்துவிடுகிறது. திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் தொண்ணூறைத் தாண்டியதும் உயிரை விடுகிறது. பழுது பார்ப்பவன் இருப்பது கப்பல் ஏறிப் போக வேண்டிய தலைநகர் ஆப்பியாவில். அவன் கேட்கிற கூலிக்கு இரண்டு பன்றி வாங்கலாம்.

அதனால் கைவைத்தியம். இரண்டு செங்கல் வைத்துப் பெட்டியை உயர்த்தினான். உள்ளே செத்துக் காய்ந்திருந்த பல்லியை எடுத்துப் போட்டான். மூளைச் சில்லின் மேல் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிவிட்டு, அதற்குப் பதிலாகப் பற்பசையைத் தடவினான். தென்னை ஈர்க்கை ஒடித்து, அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் விட்டுத் தூசியை நெம்பினான்.

தூசி வரவில்லை. முடி வந்தது.

நீளமான நரைமுடி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. தேங்காயெண்ணெயும் மோசோய்ப் பூவும் கலந்த வாசனை, குளித்துத் தலைவாரி இப்போதுதான் எழுந்து போனவளுடையதைப் போல, அவன் விரல்களில் பிசுபிசுத்தது.

அந்த எண்ணெயை இந்த வீட்டில் பூசியவள் ஒருத்திதான். அக்கா பெனினா. அவள் வாசலில் வெள்ளை ஓடு பதித்த கல்லறைக்குள் இருந்தாள்.

'பழைய முடி. எப்பவோ மாட்டினது' என்று சொல்லிக்கொண்டான். போன வாரம்தான் இதே இடுக்குகளைச் சுத்தம் செய்திருந்தான். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

கம்ப்யூட்டரை ஓடவிட்டான். பின்பக்க ஓட்டையிலிருந்து சூடான மூச்சாகக் காற்று வந்தது. சூடேறிய பற்பசை மணத்தது. பல் துலக்கிவிட்டு யாரோ பிடரிக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவதுபோல.

விசிறி 'கிறீச்' என்றது. மெதுவாக, வயதானவர்கள் திரும்புவதைப்போல, முன்னறைப் பக்கம் திரும்பியது.

"செத்தவளுக்கு எதுக்குக் காத்து?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

வீட்டில் இருந்தது அந்த ஒரே விசிறிதான். கம்ப்யூட்டரும் அதுவும் பெனினா ஆக்லாந்திலிருந்து கொண்டு வந்தவை. வாதத்தில் இரண்டு காலும் விழுந்து, தம்பி பார்த்துக்கொள்வான் என்று ஊர் திரும்பியவள். முன்னறைக் கட்டிலில், தகரக் கூரைக்குக் கீழே, அந்த விசிறிக் காற்றில்தான் கிடந்தாள். போன மாதம் முதல் நேர்காணல் நடந்த அன்று உச்சி வெயில். செரா தேவாலயத்துப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் கொதித்தது. அவன் போய் விசிறியைத் தூக்கினான்.

"தம்பி... காத்து..."

"ஒரு மணி நேரம்தான் அக்கா."

அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மைக்கில் கேட்கும் என்று கண்ணாடிப் பட்டை ஜன்னலை மூடினான், கதவையும் சாத்தினான். நேர்காணல் அருமையாகப் போனது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு பீர் குடித்தான், பிறகு இன்னொன்று. கதவைத் திறந்தபோது பெனினாவின் தோல் வறண்டு, அடுப்புக்கல் மாதிரி இருந்தது. நாக்கு தடித்து வெளியே வந்திருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவனும் அப்படியே சொன்னான். அக்காவின் மனத்தை நோகவிட்டவன் வீட்டில் இந்த ஊரில் ஒருத்தரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இது தெரிந்தால் அவனை ஊரைவிட்டே துரத்துவார்கள்.

'டக்.'

கம்ப்யூட்டர் அணைந்தது. எரிச்சலில் வெளியே வந்து, வாசலில் இருந்த கல்லறை மேல் பொத்தென்று உட்கார்ந்தான். பிள்ளைகள் தூங்குவதும் துணி காயப்போடுவதும் அதன்மேல்தான். இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாத் துணியையும் மீறிச் சில்லென்று ஏறியது. நாள் முழுக்க வெயிலில் கிடந்த ஓடு ஆற்றுக்கல்லாகக் குளிர்ந்திருந்தது.

அவன் முகம் மலர்ந்தது.

முன்னறைக் கட்டிலருகே இருந்த பிளக்கிலிருந்து ஜன்னல் பட்டைகளின் இடைவெளி வழியாக வயரை வெளியே விட்டான். கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து ஓட்டின் மேல் படுக்க வைத்து, திரையைப் பக்கத்தில் நிறுத்தினான். விசிறியின் பிளக்கைப் பிடுங்கி, அதை முன்னறைக்குள் தள்ளி, சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். "சனியனே, அங்கேயே கிட."

செரா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "உன் அக்கா மடியிலயே கொண்டுபோய் வச்சிட்டியா? வை, வை. உயிரோட இருந்தப்பவும் அவங்க உனக்குத்தானே எல்லாம் செஞ்சாங்க."

கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. எண்பது. அறுபது. நாற்பத்தைந்து. அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

பொழுது சாய்ந்தது. சங்கு ஊதியது. மாலை ஜெப நேரம். அது முடியும்வரை ஊரில் யாரும் வெளியே நடமாடக் கூடாது. வண்டிச் சத்தம் இருக்காது, பாட்டுப் பெட்டி இருக்காது. நேர்காணலுக்கு அவனே கேட்டு வாங்கிய நேரம் அது. யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்ளும் காவல் இளைஞர்கள் சாலையோரம் வரிசையாக வந்து நின்றார்கள்.

"நாங்க பாடறது உனக்கு இடைஞ்சலாயிருக்கும்," என்றாள் செரா. "எல்லாத்தையும் மூடிடறேன்."

ஜன்னல் பட்டைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. கதவும் சாத்தப்பட்டது. ஓட்டின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தான். திரையில் ஆக்லாந்துப் பெண்மணியின் முகம் வந்தது.

"வணக்கம் மிஸ்டர் லெமெகி. நல்லா தெரியறீங்க. உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க."

சொன்னான். ஓரக்கண்ணால் எண்ணைப் பார்த்தான். முப்பது. இருபத்தைந்து. சுற்றியிருந்த காற்றே அதைவிடச் சூடாக இருந்தது. பெட்டியின் தகரத்தில் பனித்துளி கோத்திருந்தது.

இருபது.

கக்குகிற சூடெல்லாம் எங்கே போகிறது?

முதலில் பாதத்தில் தெரிந்தது. ஓடு இன்னும் சில்லென்றுதான் இருந்தது. ஆனால் அவனுடைய எலும்புக்குள் யாரோ தணல் அள்ளிப் போட்டதுபோல ஒரு காந்தல், முழங்கால் வழியாக, தொடை வழியாக ஏறியது. நெற்றியைத் துடைத்தான். வியர்வை இல்லை. தோல் காய்ந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தான்.

கால்கள் வரவில்லை. இரண்டும்.

"மிஸ்டர் லெமெகி? சத்தம் வரலையே."

வாயைத் திறந்தான். நாக்கு தடித்திருந்தது. பல்லுக்குள் அடங்கவில்லை.

பதினைந்து.

உள்ளே தோத்திரப் பாட்டு ஓங்கியது. செராவின் குரல். பிள்ளைகளின் குரல். ஒரு சுவர்தான் நடுவில். 'செரா' என்று கூப்பிட்டான். மூச்சுதான் வந்தது. பற்பசை மணத்தது.

சாலையில் காவல் நின்ற பெரியப்பா மகன் தோமாசி இந்தப் பக்கம் பார்த்தான். லெமெகி கண்ணால் கெஞ்சினான். தலை தானாக மார்பின் மேல் தொங்கியது.

"பாருடா," தோமாசி பக்கத்தில் இருந்தவனிடம் கிசுகிசுத்தான். "அக்கா கல்லறையில உக்காந்து ஜெபம் பண்றான். தம்பின்னா இவன்தான்டா தம்பி."

இருவரும் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

பத்து.

"எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றாள் திரையில் இருந்த பெண்மணி. "சரி பண்ணிட்டு வாங்க. காத்திருக்கோம்."

கண் எரிந்தது. இமை மூட ஈரம் இல்லை.

'கிறீச்.'

முன்னறை ஜன்னல். வயருக்காக மூடாமல் விட்ட ஒரே பட்டை. அதன் வழியாகத் தெரிந்தது.

விசிறியின் பிளக் தரையில் கிடந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுவரை விட்டுக் கழுத்தைத் திருப்பியது. மெதுவாக. ஜன்னல் பக்கம். அவனை நேராகப் பார்த்தது. ஒரு நொடி, ஒரே நொடி, குளிர்ந்த காற்று அவன் முகத்தில் பட்டது.

பிறகு திரும்பிக்கொண்டது.

கட்டில் பக்கம்.

போர்வை அலைந்தது. தலையணையில் நீளமான நரைமுடி, காற்றில் சுகமாகப் பறந்துகொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம்தான் தம்பி."

உள்ளிருந்து ஒரு கை நீண்டு, அந்தக் கடைசிப் பட்டையை மூடியது.