காற்று கேட்ட எஞ்சின்

2014 ஐப்பசி. பகலிலேயே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு வானம் மூடியிருந்தது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் பின்னால், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் வெள்ளைச்சாமியின் கொட்டகைக்குள் கொளஞ்சியப்பன் குனிந்து நுழைந்தான். ஈரத் துருவின் வாசனையும் கருகிய ஆயிலின் வாசனையும் தொண்டையில் ஒட்டின. மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், அவன் தேடி வந்தது கிடந்தது. ஆயிரத்து முந்நூறு சிசி பெட்ரோல் எஞ்சின்.

கொளஞ்சியப்பன் மெக்கானிக். தன்னுடைய எண்ணூறு சிசி சின்னக் காருக்குப் பெரிய எஞ்சின் மாற்றப் போகிறான். ஆசைக்காக இல்லை. மகள் எழில்மதிக்கு ஏழு வயது, மூச்சிரைப்பு. போன மாதம் இரைப்பு முற்றியபோது புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனான். ஒரு லாரியைக்கூடத் தாண்ட முடியாமல் கார் திணறியது. பின் சீட்டில் அவள் உதடு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. "இன்னும் பத்து நிமிஷம் ஆயிருந்தா..." என்று அங்கே டாக்டர் பாதியில் நிறுத்திய வார்த்தை அதன்பிறகு அவனைத் தூங்க விடவில்லை.

"தண்ணியில கெடந்த வண்டிங்களா?" எஞ்சினின் இடுக்கிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

வெள்ளைச்சாமி தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்தார்.

"வளையமாதேவி பக்கம் வாய்க்கால்ல கவுந்தது தம்பி. ராயப்பன்னு ஒருத்தர். கதவு தொறக்கல. தண்ணி மெல்ல மெல்ல ஏறியிருக்கு. கூரைக்கும் தண்ணிக்கும் நடுவுல நாலு விரக்கடைக் காத்து. அதுல மூஞ்சிய வச்சுக்கிட்டு விடியிற வரைக்கும் கெடந்திருக்காரு. வெளிய எடுக்கறப்ப உசுரு இல்ல. கூரைத் துணி பூரா பல்லுத்தடம்." கொஞ்சம் தயங்கினார். "வேண்டாம்னா விட்டுருங்க."

கொளஞ்சியப்பன் மகளின் உதட்டை நினைத்தான்.

"ஏத்துங்க," என்றான்.

பன்னிரண்டு நாள் வேலை. தாங்கிகளை அறுத்து, புதிதாக வெல்டு வைத்து, சின்னக் காரின் வயிற்றுக்குள் அந்தப் பெரிய எஞ்சினைத் திணித்தான். ஓடியது. ஆனால் அதில் வலு இல்லை. பிளக் சரி, பெட்ரோல் பம்ப் சரி, எல்லாம் சரி. ஆனாலும் மிதித்தால் விக்கியது.

"காத்து பத்தல அமிர்தம்," என்றான் மனைவியிடம். "எவ்ளோ காத்து உட்டாலும் இன்னும் கேட்டுக்கினே இருக்குது. டர்போ வச்சுட்டா சரியாயிடும்."

டர்போ என்பது சின்ன விசிறி. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே சுழன்று, வெளிக்காற்றை அள்ளி அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். விபத்தில் நொறுங்கிய ஒரு டீசல் காரிலிருந்து அதைக் கழற்றி வந்து, குழாய்களைத் தானே வளைத்து மாட்டினான்.

மார்கழியில் வேலை முடிந்தது. பானெட்டின் மேல் கற்பூரம் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினான். எஞ்சின் பிடித்தது. கற்பூரச் சுடர் டர்போவின் வாய் இருந்த பக்கம் நீண்டு சாய்ந்தது.

அணைந்தது.

நெஞ்சை அடைத்தது அவனுக்கு. வெளியே ஓடி வந்து வாயால் மூச்சு வாங்கினான். புகை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப்பின் அகலமான சாலையில் ஓட்டிப் பார்த்தபோது மற்றதெல்லாம் மறந்துபோனது. மெல்லிய விசில் எழுந்தது. முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் கார் பாய்ந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. வண்டியை நிறுத்தியபோதுதான் கவனித்தான்: கண்ணாடிகளின் உள்பக்கம் முழுவதும் நீராவி படிந்து, துளித்துளியாக வழிந்துகொண்டிருந்தது. சேற்றுத் தண்ணீரின் வாசனை.

துணியால் துடைத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதம் ஒரு காலை, ஒன்பது மணி. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது எழில்மதிக்கு இரைப்பு வந்தது. எப்போதும் மருந்து கொடுக்கும் மந்தாரக்குப்பம் டாக்டர் சந்திரகலா பார்த்தார். புகை மருந்து வைத்தும் அடங்கவில்லை.

"இங்க நிக்காதீங்க. நேரா பாண்டி போயிடுங்க."

அமிர்தம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நெடுஞ்சாலை ஏறியதும் கொளஞ்சியப்பன் அழுத்தி மிதித்தான். விசில் எழுந்தது. லாரிகள் பின்னால் ஓடின. காடாம்புலியூர் முந்திரித் தோப்புகள் பச்சைக் கோடாகக் கரைந்தன.

"என்னாங்க! மூச்சு நின்னுடுச்சிங்க!"

திடுக்கிட்டுக் காலை எடுத்தான். விசில் தணிந்தது. பின்னால் ஒரு சின்ன இழுப்பு கேட்டது.

"வந்துடுச்சி... வந்துடுச்சி. போங்க, போங்க."

மிதித்தான். விசில் எழுந்தது.

பின் சீட்டில் சத்தமில்லை.

காலை எடுத்தான். மறுபடி இழுப்பு.

அமிர்தத்தின் குரல் கிசுகிசுப்பாக இறங்கிவிட்டது. "நீங்க அமுக்குனா புள்ளைக்கு நிக்குதுங்க."

வேகமாகப் போனால் அவள் வழியிலேயே போய்விடுவாள். மெதுவாகப் போனால் ஆஸ்பத்திரி போய்ச் சேரமாட்டாள். நான்கு கண்ணாடிகளும் இறக்கித்தான் இருந்தன; வெளியே மரங்கள் காற்றில் ஆடின. உள்ளே ஒரு முடிகூட அசையவில்லை. அவனுக்கே மூச்சு முட்டியது. ஓரம் கட்டிச் சாவியைத் திருகி உருவினான்.

எஞ்சின் நிற்கவில்லை.

அமிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் ஓடினாள். அத்தனை காற்றோட்டத்திலும் எழில்மதியின் வாய் மீன் வாய்போலத் திறந்து திறந்து மூடியது. மிதிக்க ஆளில்லாத காரில் விசில் ஏறிக்கொண்டே போனது.

கொளஞ்சியப்பன் பானெட்டைத் திறந்தான். காற்றுக் குழாயைப் பிய்த்து எறிந்தான். டர்போவின் வட்ட வாய் தெரிந்தது. காற்றை அடைத்தால் எந்த எஞ்சினும் நின்றுதான் ஆக வேண்டும். வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினான்.

அது கையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.

விசிறியின் விளிம்பு விரல் நுனிகளைச் சீவியது. அந்த வலியைவிட இன்னொன்றில்தான் அவன் அலறினான். உள்ளங்கையில் இரும்பு படவில்லை. ஈரமாக, வெதுவெதுப்பாக, மிருதுவாக இருந்தது.

உதடு.

"ராயப்பன் ஐயா," என்றான். அந்தப் பெயரை அவன் சொன்னது அதுவே முதல் தடவை. "தெரிஞ்சேதான் உங்கள எடுத்துக்கினு வந்தன். என் தப்புதான். என் மூச்ச எடுத்துக்குங்க. சின்னப் புள்ளைங்க அது. உட்டுடுங்க ஐயா."

எஞ்சின் ஒரு தடவை குலுங்கியது.

நின்றது.

அந்த நிசப்தத்தில், தோப்புக்குள்ளிருந்து எழில்மதி மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. நீளமான இழுப்பு. முடியவே முடியாததுபோல் நீண்டது. அவ்வளவு சின்ன நெஞ்சு அவ்வளவு காற்றைக் கொள்ளுமா என்று அவன் ஒரு கணம் நினைத்தான். பிறகு அவள், "அம்மா, பசிக்குது" என்றாள்.

கரும்பு ஏற்றப் போன ஒரு மினி லாரிக்காரர்தான் மூன்று பேரையும் புதுச்சேரி கொண்டுபோய்ச் சேர்த்தார். பிள்ளையின் நெஞ்சில் இரைப்பு இல்லை என்றார்கள். கொளஞ்சியப்பனுக்கு இரண்டு விரல் நுனிகள் போயின. ஊர் திரும்பியதும் எஞ்சினைக் கழற்றிப் போட்டுச் சம்மட்டியால் உடைத்தான். சிலிண்டர்கள் நான்கும் உலர்ந்து சுத்தமாக இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

அழுதுவிட்டு, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

சித்திரையில் பிள்ளையைச் சந்திரகலா டாக்டரிடம் கூட்டிப்போனான்.

"மூணு மாசமா ஒரு தடவகூட இரைப்பு வரலியா?"

"இல்லீங்க டாக்டர். ஓடுது, ஆடுது. மாடிப்படி ஏறி ஏறி எறங்குது."

டாக்டர் சிரித்துக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தார். கேட்டார். முதுகில் வைத்தார். சிரிப்பு மெல்லப் போனது.

"கண்ணு, கொஞ்சம் மூச்சப் புடிச்சுக்கோ."

எழில்மதிக்கு அது விளையாட்டாக இருந்தது. உதடுகளை இறுக மூடி, மூக்கையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் நகர்ந்தது. பத்து. இருபது. முப்பது.

டாக்டர் கையை எடுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றி, கொளஞ்சியப்பனின் காதில் மாட்டினார்.

எழில்மதி மூக்கைப் பிடித்தபடியே அப்பாவைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். சட்டைக்கு மேல் அவள் நெஞ்சு அசையாமல் இருந்தது.

உள்ளே, வளர்ந்த ஆண் ஒருவர் அயர்ந்து தூங்குவதுபோல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல்.