பன்னிரண்டாம் தட்டின் கறை

"கறையை எடுத்துடுவியாம்மா?" என்று பழைய சாமான் கடைக்காரர் கேட்டிருந்தார்.

"பின்னே, அழுக்கோட மாட்டி வைக்கவா?" என்று சிரித்துவிட்டு வந்தாள் அக்கா. அவர் சிரிக்கவில்லை என்பது மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது.

விக்டோரியா ராணி காலத்துத் தட்டு. நீல மசியில் ஒரு குளம், கரையெல்லாம் பெரணிச் செடி, ஒற்றைக் கொக்கு. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் ஒற்றி, தாளைத் தட்டில் தேய்த்து, மேலே கண்ணாடி போலப் பூச்சு கொடுத்துச் சுட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே தகடு. தட்டுக்குத் தட்டு இம்மியும் மாறாது. சுவரில் பதினொன்று மாட்டியிருந்தாள். இது பன்னிரண்டாவது. பெரணிக்கு நடுவே மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை. கறை போக்கும் பெராக்சைடு மருந்து ஊற்றிய தொட்டியில் ஊறப் போட்டாள்.

"நான் காய்ச்சல்ல கிடந்தப்பகூட இப்படி வந்து வந்து பாக்கலியே நீ," என்றாள் தங்கை, காதுக்கம்பி உடைந்து நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டபடி. அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டின் சத்தமே அவள்தான். தூக்கத்திலும் வாய் ஓயாது.

"உன்னையும் ஊறப் போடவா? வாயாவது குறையும்."

மூன்றாம் நாள் மத்தியானம் மூடியைத் திறந்தபோது மருந்து நெடி இல்லை. நாள்பட்ட குளத்துச் சேற்றின் வாடை, அழுகிய இலையின் குளிர்ச்சியோடு, மெல்ல அறை முழுக்கப் பரவியது. கறை போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள்.

சுவரைப் பார்த்தாள். பதினொன்றிலும் குளம், பெரணி, கொக்கு. பெண் இல்லை. தொட்டியில் இருந்த உருவத்தை நகத்தால் சுரண்டினாள். வழுக்கியது. படம் பூச்சுக்கு அடியில் இருந்தது.

தங்கை எட்டிப் பார்த்தாள். "யாருக்கா இவ? தலையெல்லாம் ஈரமா இருக்கு."

"படத்துல ஏதுடி ஈரம்? பூதக்கண்ணாடி எடுத்துட்டு வரேன். தொடாதே."

அடுத்த அறைவரை தங்கையின் பேச்சு தொடர்ந்து வந்தது. "கை சில்லுனு இருக்குக்கா, இவ திரும்பற மாதி—"

நின்றது.

சொட்டு. சொட்டு.

ஓடி வந்தாள். தங்கை வாசல் கதவைப் பார்த்தபடி, முதுகு காட்டி நின்றாள். கூந்தலிலிருந்து நீர் வடிந்தது.

"என்னடி?"

அக்காவின் கண் தட்டுக்குப் போனது.

பூதக்கண்ணாடியைத் தட்டின் மேல் பிடித்தாள். பெரணிக்கு நடுவே இப்போது ஒரு முகம். நீல முகம். திறந்த வாய். நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. பூச்சின் உட்புறம் அழுந்திய இரண்டு உள்ளங்கைகள்.

பின்னால் தாழ்ப்பாள் விலகியது. தங்கையின் உடையில் இருந்தவள், சொட்டச் சொட்ட, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்து போனாள்.