மஞ்சள் காரின் இடது இருக்கை

எபின் பைக்கை நிறுத்தியபோது மழை விட்டிருந்தது. ரப்பர் மரங்கள் மட்டும் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தன. பாறசாலையைத் தாண்டி உள்ளே போகும் சின்ன ரோட்டில், இறக்கத்தின் அடியில் இருந்தது ராபின்சனின் வீடு. இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஒற்றை பல்பு எரிந்தது.

எபின் பூவார்க்காரன். கொச்சியில் வெளிநாட்டுக் கார்களைப் பார்க்கும் பட்டறையில் வேலை. லீவுக்கு ஊருக்கு வந்தவனை ராபின்சன் கெஞ்சிக் கூப்பிட்டிருந்தான்.

உறையை உருவியதும் மஞ்சள் கார் பளபளத்தது. இத்தாலிக்காரன் செய்தது, இரண்டே இருக்கைகள். வளைகுடாவில் சம்பாதித்ததையும், ஓடிக்கொண்டிருந்த நல்ல காரை விற்றதையும் சேர்த்துப் போட்டு வாங்கியது. பழைய கார்தான் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

"இந்த சீட் பெல்ட் சத்தம் மட்டும் நிக்கணும் மக்கா. வாங்குற ஆளு நாளைக்கு வாறான். இத வித்துத் தொலைச்சா போதும்" என்றான் ராபின்சன்.

சாவியைத் திருப்பினான்.

டிங். டிங். டிங்.

இடது பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று கார் சொன்னது. இடது இருக்கை காலியாக இருந்தது.

"சீட்டுக்க அடியில ஒரு சென்சார் உண்டு சேட்டா. ஆளு இருந்தாதான் அடிக்கும். வயர எலி கடிச்சிருக்கும்." எபின் குனிந்து வயரைக் கழற்றினான்.

டிங்.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தான். பழுது ஒன்றும் இல்லை, ஆள் இருக்கிறது என்று காட்டியது. சந்தேகம் தீர, தானே அந்த இருக்கையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் வெளியே பாய்ந்தான்.

"என்னலே?"

"யாருக்கோ மடியில இருந்தது மாதிரி, சேட்டா."

திறந்த கதவு வழியாக ஒரு வாசனை வந்தது. காயத்திருமேனி எண்ணெய். மூட்டுவலிக்குப் பூசுவது. ராபின்சனின் வீட்டில் யாரும் அதைப் பூசுவதில்லை.

பக்கத்து வீட்டு சுகிர்தபாய் மாமி பூசுவாள். உயிரோடு இருந்தவரை.

கார் வந்த அன்று சபைப் போதகர் சாவியைக் கையில் வாங்கி ஜெபித்தார். "இந்த வாகனம் அயலாருக்கும் பயன்படட்டும்" என்று அவர் சொன்னபோது மாமியின் ஆமென்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. கேக்கும் டீயும் கொடுக்கும்போது, "எலே ராபின்சா, ஒரு நாளு என்னையும் இதுல கொண்டு போவியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "அதுக்கென்ன மாமி, கொண்டு போறேன்" என்றான்.

அதற்குப் பிறகு கார்தான் அவனைக் கொண்டுபோனது. ஊரில் இருக்கிற வேகத்தடை எல்லாம் அதன் வயிற்றைக் கீறின. இரண்டு நாள் சும்மா நின்றால் பேட்டரி இறங்கியது. ஆயில் ஒழுகியது. ஒரு சின்ன ரப்பர் வளையம்கூடக் கடல் தாண்டி வரவேண்டும் என்றார்கள். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு அதற்குக் காத்திருந்தான். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

கடைசியில் கிளச்சு. தேய்ந்து முடிந்துவிட்டது, இன்னும் ஓர் ஏற்றம் ஏறினால் கருகிவிடும், மாற்றுகிற காசுக்குப் புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கலாம் என்றது பட்டறை. அவனிடம் காசு இல்லை. அதை வெளியே சொல்ல வெட்கம். கார் கொச்சியில் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஷெட்டில் மூடிவைத்தான்.

அப்போதுதான் ஒரு மதியம் மாமியின் மருமகள் லிஜி ஓடிவந்தாள்.

"அண்ணா, மாமிக்கு நெஞ்சு வலி. வண்டி உண்டா?"

இருந்தது. ஓடவும் செய்யும். கிளச்சு போனாலும் போகும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவன் மனசு மாமியை நினைக்கவில்லை. கிளச்சின் விலையை நினைத்தது.

"வண்டி கொச்சியிலல்லா நிக்கி, லிஜி."

ஆட்டோ வர நேரமானது. மாமியை ஏற்றிக்கொண்டு அது அவன் வாசலைத் தாண்டித்தான் போனது. மாமி தலையைத் திருப்பி ஷெட்டைப் பார்த்தாள். உறை சக்கரம்வரை எட்டவில்லை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அவள் உயிரோடு போய்ச் சேரவில்லை. அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் லிஜி டீ கொடுத்தாள். ராபின்சனுக்கும் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்தான். அதை நினைத்தால் இப்போதும் அவனுக்கு உடம்பு கூசும்.

அன்று சாயங்காலம், பேட்டரி இறங்காமல் இருக்க ஷெட்டிலேயே சாவியைத் திருப்பியபோதுதான் முதல் டிங் கேட்டது.

இப்போது ஷெட் வாசலில் அவன் மனைவி ஷிஜி வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"சென்சாருக்கு ஒண்ணும் இல்ல. கொண்டு போறேன்னு சொன்னது நீங்களாக்கும்" என்றாள் மெதுவாக.

கிளச்சு போனால் நாளைக்கு வருகிறவன் காரைத் தொடக்கூட மாட்டான். தெரிந்தேதான் ராபின்சன் ஏறி உட்கார்ந்தான். இடது பெல்ட்டை இழுத்தான். வந்துகொண்டே இருந்தது.

ஒரு பருத்த உடம்பைச் சுற்றும் அளவுக்கு.

பூட்டினான். சத்தம் நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம், மாமி."

பாதி ஏற்றத்தில் கார் அலறியது. நகரவில்லை. கருகிய நாற்றமும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. கார் மெல்லப் பின்னால் சறுக்கி, அவன் வாசலையும் தாண்டி, சுகிர்தபாய் மாமியின் வாசலில் வந்து நின்றது.

சத்தம் கேட்டு லிஜி டார்ச்சோடு வந்தாள். பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த எபினும் ஓடிவந்தான்.

"வண்டிக்கு என்ன அண்ணா?"

"கிளச்சு போச்சு." ராபின்சன் இறங்கி நின்றான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அண்ணைக்கு வண்டி கொச்சியில இல்ல லிஜி. ஷெட்டுலதான் கெடந்து. நான் பொய் சொன்னேன்."

லிஜி டார்ச்சைத் தாழ்த்தினாள்.

"தெரியும் அண்ணா. ஆட்டோவுல வச்சு மாமி சொன்னாவ. சக்கரத்தக் கண்டாவளாம்."

தெரிந்துதான் டீ கொடுத்திருக்கிறாள். அவள் செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"என்ன சொன்னாவ?"

"'பாவம் பய, வெளிய சொல்ல முடியாத கஷ்டம் போல. வண்டி சரியாவட்டும், நான் அவன்கூட போயிக்கிடுதேன்'ண்ணு சொன்னாவ. அதாக்கும் கடைசியா பேசினது."

எபின் முன்மூடியைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினான். காரின் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

ராபின்சன் இடது கதவைத் திறந்து, குனிந்து பெல்ட்டை விடுவித்தான். அது உள்ளே சுருண்டது.

"மன்னிச்சிருங்க மாமி. இனி இது ஓடாது. இத சரியாக்க எனக்கு வழியில்ல. எறங்குங்க."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது.

டிங்.

எபின் தன் கையில் இருந்த வயரைப் பார்த்தான்.

டிங்.

பெல்ட் தானாக அசைந்தது. மூட்டுவலிக்காரி இழுப்பதுபோல, நின்று நின்று, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. காலி இருக்கையின் குறுக்கே வளைந்து வந்து பூட்டிக்கொண்டது.

சத்தம் நின்றது. வண்டி சரியாகும்வரை மாமி காத்திருப்பாள். இப்போது அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை.