கலங்கலாக ஒரு நட்சத்திரம்

தூசி புகாத அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே முகம்தான். வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி... நடுவில் இரண்டு கண்கள்.

அப்படி ஒரு ஜோடிக் கண்கள் இப்போது அவளை முறைத்துக்கொண்டிருந்தன.

"யாரைக் கேட்டு இதுல கை வெச்சீங்க?"

காய்ச்சலில் படுத்துவிட்ட அக்காவுக்குப் பதிலாக, லென்ஸ் கம்பெனியிலிருந்து அன்றைக்கு மட்டும் வந்தவள் அவள். மேஜைமேல், செருப்புப் பெட்டி அளவில் ஒரு குட்டிச் செயற்கைக்கோள். வானத்தில் பிரகாசமான நட்சத்திரங்களை மட்டும் கண்காணிக்கப் போகிறதாம். நட்சத்திரத்துக்குப் பதிலாக எதிரே வைத்திருந்த சின்ன விளக்கு, திரையில் கலங்கித் தெரிந்தது. லென்ஸ்காரியின் கை சும்மா இருக்குமா? லென்ஸின் திருகைத் திருப்பினாள். ஊசிமுனையாகப் பளிச்சென்று ஆனது. பாராட்டுக்காக நிமிர்ந்தால்... இந்த முறைப்பு.

"கலங்கலா இருந்துச்சு, சரி பண்ணேன். இதுக்குப் பேரு உதவிங்க."

அந்தச் செயற்கைக்கோளைக் கட்டிய இன்ஜினீயர் அவன். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருந்தானாம். அத்தனை வெளிச்சமும் ஒரே புள்ளியில் விழுந்தால் கேமரா திணறிப்போகும். கொஞ்சம் பரவவிட்டால்தான் நட்சத்திரத்தின் வெளிச்சம் ஏறி இறங்குவதை அளக்கவே முடியும். மாலையில் இதை ஏவுதளத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிடும். பழையபடி ஆகாவிட்டால் ராக்கெட் இதை விட்டுவிட்டே கிளம்பிவிடும்.

அவளுக்குக் காது சுட்டது. ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நகரச் சொன்னாள்.

"வேண்டாம் தாயே, பண்ணினது போதும்."

அவனே திருகைப் பிடித்தான். புள்ளி தாவியது, ஓடியது. விரல்கள் நடுங்குவதை அவள் பார்த்தாள். பாவம், எத்தனை வருஷ உழைப்போ...

"உங்க கை நடுங்குது. நீங்க திரையைப் பாருங்க... நான் திருப்புறேன். என்னை நம்புங்க."

ஒரு கணம் தயங்கி, விலகினான்.

"இன்னும் கொஞ்சம்... மெதுவா... போதும், நிறுத்துங்க."

புள்ளி பூவாக விரிந்தது. திரையோரத்து அளவு எண்கள் பழையபடி பொருந்தின. முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் சிரித்தன. அடடா, முறைக்கும்போதே அழகாக இருந்த கண்கள்...

வண்டி பெட்டியோடு போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. வாசலில் இருவரும் ஒதுங்கி நின்றார்கள், முகமூடி இல்லாமல், முதல்முறையாக. அவன் தரையைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"ஸாரி," என்றாள், ஒருவழியாக. "இன்னும் கோபமா? முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கிறீங்க."

"கோபமெல்லாம் இல்லைங்க... நேரா பார்த்தா நானும் திணறிடுவேன் போலிருக்கு." மழையிடமே சொன்னான். "உங்க அக்காவுக்கு நாளைக்கும் காய்ச்சல் இருக்கணும்னு தோணுது. தப்புதான்... ஆனா தோணுது."

அவளும் மழையைப் பார்த்தாள்.

"அக்கா நல்லா இருக்கட்டும்... காய்ச்சல் இல்லாமலே நான் வரேன்."